மறு: கோய்டா கையேடு – ‘அசெஸ்மென்ட்’டுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

கோய்டா என்பது வேலையில் காயம்படுகிற, நோயுறுகிற ஊழியருக்கு இழப்பீடு தரும் தென்னாப்பிரிக்கச் சட்டம். அதற்காக வேலை கொடுப்பவர் ஆண்டுதோறும் நிதியத்துக்குக் கட்டும் பணம்தான் ‘அசெஸ்மென்ட்’. நம் தமிழ்க் கையேட்டில் அதற்கு என்ன சொல் போடுவது என்பதே பேச்சு.

> ‘பிரீமியம்’ என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது எதற்கு இந்த மெனக்கெடல்?

லெனேசியாவிலிருந்து எழுதும் அக்கா கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தெரிந்த சொல்தான் ஆளை மாட்டிவிடுகிறது. போன மாதம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பல் மருத்துவர் தன் கணக்குக் கோப்பை என்னிடம் ஒப்படைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சொந்தக் கிளினிக் தொடங்கி இரண்டு வருடம். மூன்று உதவியாளர்கள், வரவேற்பில் ஒரு பெண், துப்புரவுக்கு ஒரு அம்மா. “கோய்டா கட்டுகிறீர்களா டாக்டர்?” என்றேன். “அதெல்லாம் இருக்குது தம்பி, பிரீமியம் மாசாமாசம் கட்டுறன்” என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாலிசியை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தால், நோயாளி வழக்குப் போட்டால் கைகொடுக்கிற பாலிசி. அந்தத் துப்புரவு அம்மாவின் விரலில் ஊசி ஏறினால் அதிலிருந்து ஐந்து காசு வராது.

பிரீமியம் என்றால் நாம் விரும்பி எடுப்பது, பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாற்றுவது, கட்டத் தவறினால் காலாவதியாவது. கோய்டாவில் இந்த மூன்றுமே கிடையாது. 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம், 1994 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் பதிய வேண்டும். சுரங்கத்துக்கு ராண்ட் மியூச்சுவல், கட்டுமானத்துக்கு ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் என்று தனி ஏற்பாடுகள் உண்டு. கிளினிக்காரருக்கு அரசின் இழப்பீட்டு நிதியம் ஒன்றுதான் வழி. அவர் கட்டாமல் விட்டாலும் ஊழியரின் உரிமை காலாவதி ஆகாது. நிதியம் ஊழியருக்குக் கொடுத்துவிட்டு, கட்டாதவர் மேல் பாயும்.

‘சந்தா’, ‘பங்களிப்பு’ இரண்டையும் நான் அடித்துவிட்டேன். யூஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பு நிதியத்தில் ஊழியர் 1 சதவீதம், வேலை கொடுப்பவர் 1 சதவீதம் என்று இருவரும் போடுகிறார்கள். அது பங்களிப்பு, சரி. கோய்டா பணத்தில் ஒரு சென்ட் கூட ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. ‘பங்களிப்பு’ என்று எழுதினால் நம் ஆட்கள் சிலர் பாதியைச் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். சொல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லைதான், ஆனால் கழிக்கிறவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

‘மதிப்பீடு’தான் நேர்ச்சொல் என்று மாரிட்ஸ்பர்க் அண்ணன் முதல் மடலில் எழுதியிருந்தார். அகராதிப்படி சரி. ஆனால் ‘மதிப்பீட்டு அறிவிப்பு’ என்று தலைப்பிட்ட தாளைப் பார்த்தால் யாருக்காவது பணம் கட்டத் தோன்றுமா? கிளினிக்கை யாரோ வந்து பார்த்து மார்க் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடப்பது இதுதான்: மார்ச் 1 முதல் பிப்ரவரி முடிய ஊழியர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைக் கூட்டி, மார்ச் 31-க்குள் அறிக்கை தர வேண்டும் (தேதியை நீட்டிப்பதும் உண்டு). ஆளுக்கு இவ்வளவு ஊதியம் வரைதான் கணக்கில் சேரும் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது ஆண்டுதோறும் மாறும். தொழிலின் ஆபத்தைப் பார்த்து நூறு ராண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வீதம் வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு எளிதாக நூற்றுக்கு ஒரு ராண்ட் என்று கொள்வோம்; பல் மருத்துவர் ஆண்டுக்குக் கொடுத்த சம்பளம் 8,00,000 ராண்ட் என்றால் கட்டவேண்டியது 8,000. அவர் தனி ஆளாகத் தொழில் செய்வதால் அவர் வருமானம் இதில் சேராது. நாளைக்கே கம்பெனியாகப் பதிந்து இயக்குநராக வேலை பார்த்தால் சேரும். கிளினிக்கில் விபத்து அதிகமானால் வீதமும் ஏறலாம்.

ஆக, அரசு விதிக்கிறது, ஊதியத்தை வைத்துக் கணக்கிடுகிறது, கட்டியே ஆகவேண்டும். ‘தண்டல்’ என்று முதலில் யோசித்தேன். சென்னையிலிருந்து வந்த நர்ஸ் ஒருவரிடம் சொன்னதும், “ஐயோ, காலையில வீட்டு வாசல்ல நிப்பானே, அந்தத் தண்டலா?” என்று சிரித்தார். போய்விட்டது. பிறகுதான் சோழர் கல்வெட்டுகளின் ‘கடமை’ நினைவுக்கு வந்தது. அங்கே அது நிலத்துக்குக் கட்டும் வரி. இன்றைக்கு நமக்குச் செய்தே தீரவேண்டியது. இரண்டு பொருளும் இங்கே ஒட்டுகின்றன. இழப்புக்குக் கொடுக்கும் ‘ஈடு’ என்பதோடு அதைச் சேர்த்தால், என் முன்மொழிவு: ஈட்டுக்கடமை.

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ரிட்டர்ன் ஆஃப் எர்னிங்ஸ் – ஊதிய அறிக்கை. லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்குக்கு யாரோ ‘நன்னிலைக் கடிதம்’ என்று போட்டிருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கொடுக்கிற சான்று மாதிரி இருக்கிறது. ‘நிலுவையின்மைச் சான்று’ போதும்.

டர்பனிலிருந்து,
கணக்குப்பிள்ளை

---

தம்பிக்கு,

‘கடமை’ அழகாக இருக்கிறது. ஆனால் ‘ஈட்டுக்கடமை’ என்று சேர்த்தவுடன் கவிழ்ந்துவிட்டது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஈடு கொடுக்கிற கடமை என்று. அது யாருடைய கடமை? நிதியத்தினுடையது! 35-ஆம் பிரிவின்படி ஊழியர் தன் காயத்துக்காக வேலை கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு பொருளற்றது என்று சொல்லிவிட முடியாது. 1998-இல் ஜூஸ்ட் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. ஈடு கொடுக்கும் சுமையை இறக்கி வைக்கத்தான் இந்தப் பணமே. நீங்கள் வைத்த பெயர் அதைத் திரும்பத் தூக்கி வேலை கொடுத்தவர் தலையில் வைக்கிறது.

நான் மாகாண ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு இந்த அசெஸ்மென்ட்டே கிடையாது. தேசிய, மாகாண அரசுகளுக்கு 84-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஊழியருக்கு ஆகும் செலவை அரசே நேராக ஏற்கும். அங்கே வேண்டுமானால் ‘ஈட்டுக்கடமை’ பொருந்தும்! தனியார் கிளினிக்குக்கு ஒரு சொல் நடுவில் சேருங்கள்: ஈட்டுநிதிக் கடமை. ஈட்டுநிதிக்குக் கட்டும் கடமை. நீளம்தான். என்ன செய்வது?

ஒன்று மட்டும். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் 1941 சட்டத்தை ‘வொர்க்மன்ஸ்’ என்றே சொன்னார்கள். இன்றும் கிழவர்கள் வாயில் அதுதான். அதையும் எங்காவது ஓரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சட்டம் என்றே பிடிபடாது.

மாரிட்ஸ்பர்க்

---

அண்ணே,

ஒப்புக்கொள்கிறேன். ஈட்டுநிதிக் கடமை. நானே பார்த்திருக்க வேண்டியது, சொல் அழகில் மயங்கிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கோய்டா அசெஸ்மென்ட்’, ‘வொர்க்மன்ஸ்’ இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் 35-ஆம் பிரிவு இன்னொரு முடிச்சை நினைவூட்டியது. எந்த விபத்துக்கு ஈடு கிடைக்கும் என்ற வாசகத்தை முன்பு ‘பணியிலிருந்து எழுந்து, பணியின் போக்கில் நேர்ந்த’ என்று எழுதியிருந்தேன். படித்தால் நாக்கு சுளுக்குகிறது. வேற்றுமை உருபு இரண்டு போதும் என்று இப்போது தோன்றுகிறது: வேலையில், வேலையால் நேர்ந்த விபத்து. இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். யாரோ ஊசியை மஞ்சள் டப்பாவில் போடாமல் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுவிட்டார். பையை முடிச்சுப் போடும்போது துப்புரவு அம்மாவுக்குக் குத்தியது. அது வேலையில், வேலையாலும். ஏழு நாளைக்குள் நிதியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், ஆகவே கையேட்டில் படிவத்துக்கு முன்னால் மாத்திரையைப் போட்டிருக்கிறேன்.

மறுபக்கம், ப்ளூம்ஃபொன்டெயினில் ஓர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவரை, உள்ளே நுழைந்த வெளியாள் பாலியல் வன்கொடுமை செய்தான். வேலையில் நேர்ந்தது. வேலையால் அல்ல என்று 2014-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் 35-ஆம் பிரிவு அவரைத் தடுக்கவில்லை, அவர் மாகாண அரசு மேல் வழக்கு நடத்தலாம் என்றாயிற்று. ‘இல்’லுக்கும் ‘ஆல்’லுக்கும் இடையில் ஒரு வழக்கே நிற்கிறது. காசநோய் வார்டில் நர்ஸுக்குத் தொற்றும் காசநோய்க்கு ‘விபத்து’ சரிப்படாது. அதற்கு ‘தொழில்வழி நோய்’ என்று தனியாகவே வைத்திருக்கிறேன். தெரிவிக்கும் கெடுவும் அதற்கு வேறு, 14 நாள்.

தற்காலிகமாக வேலைக்கு வர முடியாதவருக்கு முதல் மூன்று மாதம் 75 சதவீதச் சம்பளத்தை வேலை கொடுத்தவர் கொடுத்துவிட்டு நிதியத்திடம் திரும்பப் பெறுவதற்கு ‘முன்கொடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடை இல்லை, திரும்ப வருகிற பணம். ‘முன்பணம்’ என்று மாற்றினேன்.

கடைசியாக, ‘முதலாளி’. 2020 நவம்பர் 19 அன்று மஹ்லாங்கு வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டு வேலையாட்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கி. அப்படியானால் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டி, தன்னைத் தூக்கிக் குளிப்பாட்ட ஓர் ஆளைத் தானே சம்பளத்துக்கு வைத்திருந்தால், அவரும் இந்தக் கையேட்டின் வாசகர். அவரை முதலாளி என்றால் அவரே சிரிப்பார். எல்லா இடத்திலும் ‘வேலை கொடுப்பவர்’ என்று மாற்றியிருக்கிறேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் பக்க எண் சொல்லுங்கள்.

டர்பன்