தற்செயல் உரையா, மாறுவருணனையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டில் ஒரே இடத்தை நிரல் ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் விவரிப்பதற்குத் 'தற்செயல் உரை' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. திரையில் வரும் எழுத்தைப் படித்தே ஆடும் 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' விளையாட்டை 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கி வெளியிட்டபோது, அதிலுள்ள ஒரு சுழல்வழியில் அறைக்கு அறை ஏறத்தாழ அதே சொற்களே இடம் மாறி வந்தன; அந்த வரிசையைக் கூர்ந்து படித்தவருக்கே தாம் நிற்கும் அறை எதுவென்று விளங்கியது. அவை கையால் எழுதிய வரிகள்தாம் என்றாலும், சொல் மாறுவதே அங்கே துப்பாக இருந்தது. எங்கள் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில், கோமாளியாக வந்து கதையை நடத்தும் கட்டியங்காரன் ஊருக்கும் இரவுக்கும் ஏற்பப் பேச்சை மாற்றுவதையும் யாரும் தற்செயல் என்று சொல்வதில்லை.

ஆகவே 'மாறுவருணனை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'மாறுவேடம்' போல நாவுக்குப் பழகிய அமைப்பு இது. வினைத்தொகை ஆதலால் மாறிய, மாறுகின்ற, மாறும் என முக்காலத்தையும் தாங்கும். 'புனைந்துரை' அழகிய சொல்லே, ஆனால் நன்னூல் அதைப் பாயிரத்தின் பெயர்களுள் ஒன்றாகக் கொண்டுவிட்டது. வருணனை வடசொல் என்பார்க்கு, விவரிப்பும் வடசொல்லே.

இதைவிடக் கடினமானது, வார்ப்புருவில், அதாவது நிரல் நிரப்புவதற்காக இடம் விட்டு எழுதி வைத்த வரியில், சொல் வந்து அமரும் வெற்றிடத்துக்குப் பெயரிடுவது. பல்லாங்குழியில் குழி நிலையாக இருக்கக் காய்கள் மாறுவதை நினைத்து, அதைச் 'சொற்குழி' எனலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் தமிழில் குழி வெறும் குழியாக இருந்தால் போதாது. பாலாற்றங்கரையில் நடப்பதாக நான் எழுதிவரும் விளையாட்டில், குழிக்குப் பின்னால் 'ஐ கடந்தாய்' என்று எழுதி வைத்திருந்தேன். திரையில் 'ஆறுஐ கடந்தாய்', 'மரம்ஐ கடந்தாய்' என்று வந்தது. ஆறு 'ஆற்றை' எனவும், மரம் 'மரத்தை' எனவும், கோட்டை 'கோட்டையை' எனவும் திரிய வேண்டும். அடுத்து வல்லினம் வந்தால் ஒற்றும் மிக வேண்டும். அதனால் பெயரை அப்படியே ஏற்பதைச் 'சொற்குழி' என்றும், சாரியையும் உருபும் சேர்த்துத் தருவதை 'உருபேற்குழி' என்றும் பிரித்து வழங்கலாம்.

இன்னொன்று எஞ்சியுள்ளது. அகழியில் 'நீர் நிற்கிறது' என்னும் வரி 'மீன்கள் நிற்கின்றன' என்று மாறும்போது எழுவாய்க்கேற்ப வினைமுற்றும் மாறுகிறது. அந்தக் குழிக்கு 'முற்றுக்குழி' பொருந்துமா, அல்லது இலக்கண மரபிலேயே நல்ல சொல் இருக்கிறதா என்று அறிந்தோர் எழுத வேண்டுகிறேன்.