கல் கொட்டினால் கரை நிற்குமா?

கரைக்காரன்:
எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், கடல் பக்கம் பாறாங்கல்தான் கரை. கல்லால் கரை கெடுகிறது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மகாபலிபுரத்தில் பாறை இருக்கிறது, கடற்கரைக் கோயில் நிற்கிறது. திருவொற்றியூரில் வெறும் மணல், அதனால் போகிறது. இன்னும் கொட்டு என்பது என் கட்சி.

உப்புக்காற்று:
மெரினாவும் வெறும் மணல்தானே, அது மட்டும் எப்படி அகலமானது? 1875இல் துறைமுக வேலை தொடங்கியது. வருடத்தில் பாதிக்கு மேல் தெண்டி என்கிற நீரோட்டம் ஓடி, தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே சேர்ந்தது, வடக்கே நமக்குப் பட்டினி. அப்புறம், மகாபலிபுரத்திலும் கோயிலைச் சுற்றிக் கல் கொட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

கரைக்காரன்:
சரி, மறித்தது உண்மை. ஆனால் இங்கே கன்னியாகுமரி மாதிரி பாறை இருந்தால் மணல் வராமல் போனாலும் ஊர் நின்றிருக்குமே?

நிலவியல் மாணவன்:
அண்ணா, பாறை இருந்தால் மட்டும் போதாது, எப்படிக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் டார்செட்டில், லுல்வொர்த் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் கடலோரமாகச் சுவர் மாதிரி நீளவாக்கில் கிடக்கிறது, பின்னால் களிமண். கடல் சுவரில் ஒரு வாசல் திறந்து உள்ளே புகுந்து, களிமண்ணைக் குடைந்து வட்டமான குடாவாக்கிவிட்டது. கிழக்கே ஸ்வானேஜில் அதே அடுக்குகள் கரைக்குக் குறுக்கே வருகின்றன. அங்கே கெட்டிக் கல் முனையாக நீட்டிக்கொண்டிருக்க, களிமண் உள்வாங்கி விரிகுடா ஆகியிருக்கிறது. ஒரே பாறைதான், கரை மட்டும் வேறு.

இன்னொன்று வெடிப்பு. அலை மோதும்போது வெடிப்புக்குள் காற்று அடைபட்டு நெருக்கும். வெடிப்பு நெருக்கமாக இருந்தால் எவ்வளவு கெட்டிப் பாறையும் துண்டு துண்டாகப் பெயரும். நாம் கொட்டுகிற கல்லோ முழுக்கவே வெடிப்பு, அடியில் மணல். அலை அந்த மணலை இழுக்க, கல் புதையும். மறுபடி லாரி வரும்.

கரைக்காரன்:
தம்பி, லாரி வந்ததால்தான் என் வீடு இருக்கிறது. எனக்கு முன்னால் இரண்டு தெரு இருந்தது, இப்போது நான்தான் முதல் வரிசை. டார்செட்டைக் காட்டி என்னைக் காலி பண்ணச் சொல்லாதே.

உப்புக்காற்று:
காலி பண்ணுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர், போட்ட இடத்தில் நடுவில் கொஞ்சம் மணல் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிற குப்பம் என்ன பாவம் செய்தது? விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலை நகரத்துக் கடற்கரையில் போடுகிறார்கள். இங்கேயும் தெற்கில் சேர்ந்ததை எடுத்து வடக்கே விடச் சொல்லிக் கேட்போம்.

கரைக்காரன்:
மணல் வந்தால் நானா வேண்டாம் என்பேன்? கல் வந்த பிறகு படகை ஏற்ற இடமில்லாமல் காசிமேட்டில் கொண்டுபோய்க் கட்டுகிறேன். ஆனால் மணல் வந்து சேரும்வரை என் வாசலில் இருந்து ஒரு கல்லையும் எடுக்க விடமாட்டேன்.