புதுப்பிப்பு: ஆயில் குடிக்கும் பழைய பெட்ரோல் கார், கோளாறு வால்வ் சீலில்

முன்பு கேட்டது இதுதான்: 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை, பிஸ்டனைச் சுற்றி சிலிண்டரை அடைக்கும் ரிங்கை மாற்றணுமா?

தேவையில்லை. ஏற்காடு மலைப்பாதையே காட்டிக்கொடுத்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாம் கியரில் இறங்கும்போது என்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக்கில் வெற்றிடம் கூடும். வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் இறுகிப்போயிருந்தால், அதன் வழியாக ஆயில் உள்ளே இழுபடும். அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் குப்பென்று நீலப்புகை. ஏறும்போது விடாமல் புகைந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்கணும்.

கேஜ் வைத்து அளந்த கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், நான்கு சிலிண்டரிலும் சமம். அதை மட்டும் நம்பவும் கூடாது. சிலிண்டர் சுவரில் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டியிருந்தால் கேஜில் தெரியாது.

சீல் மாற்றப் பெரும்பாலும் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டாம். பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளையில் காற்றழுத்தம் கொடுத்தால் வால்வ் கீழே விழாது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வராவிட்டால் புதுசு போடுங்கள்.