ரிசீவர் மவுஸ் 2 நொடியில் உறையுது: ஆட்டோசஸ்பெண்டை மொத்தமா அணைக்கலாமா?

புதுமுகம்:
உபுண்டு லேப்டாப், 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி ரிசீவர் மவுஸ். கையை எடுத்துட்டுத் திரும்ப நகர்த்தினா கர்சர் அசையாது. ஒரு க்ளிக் கொடுத்தா ஓடுது. வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஓடும்போது மட்டும் விட்டு விட்டுத் துள்ளுது. பூட் ஆகும்போதே பவர்டாப் ஆட்டோ-டியூன் (மின்சாரம் மிச்சம் பிடிக்கிற அமைப்புகளைத் தானா போடுற கருவி) ஓடுற மாதிரி வெச்சிருக்கு. கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கோளாறா?

முனையத்தான்:
க்ளிக் பண்ணினா எழுந்திருக்குதுன்னா ஆட்டோசஸ்பெண்ட்தான் (சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கிற வசதி), வேற யோசிக்க வேண்டாம். க்ரப் (பூட் லோடர்) கோப்புல இருக்கிற கெர்னல் வரியில யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 (எதையும் தூங்க வைக்காதேன்னு அர்த்தம்) சேர்த்து, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீபூட் பண்ணுங்க. தனி மாட்யூல்களுக்கான மோட்ப்ரோப் கோப்புல எழுதினா வேலைக்கு ஆகாது. உபுண்டுல யூஎஸ்பியைக் கவனிக்கிற யூஎஸ்பிகோர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டது, தனி மாட்யூல் இல்ல.

மின்கலம்:
இந்த வைத்தியத்தை லேப்டாப்காரங்களுக்குச் சொல்லாதீங்க. உள்ளே இருக்கிற கேமரா, கைரேகை ரீடர், ப்ளூடூத் எல்லாமே பெரும்பாலும் யூஎஸ்பி வழியாத்தான் இணைஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் -1 கொடுத்தா எதுவுமே தூங்காது, யூஎஸ்பி கன்ட்ரோலரும் தூங்காது, ப்ராசஸர் ஆழ்ந்த உறக்க நிலைக்கு இறங்காது. ஒரு ரிசீவருக்காக மொத்த வீட்டு விளக்கையும் எரிய விடுறதா?

கெர்னல் மேலயும் பழி இல்ல. ஹப் தவிர மற்ற யூஎஸ்பி சாதனங்களுக்கு ஆட்டோசஸ்பெண்டை கெர்னல் பொதுவா அணைச்சுத்தான் வெச்சிருக்கு. பவர்டாப் ஆட்டோ-டியூன்தான் மவுஸ், கீபோர்டுன்னு பார்க்காம எல்லாத்தையும் 'ஆட்டோ' (தூங்கலாம்) ஆக்குது. அந்த 2 நொடி, கெர்னலோட இயல்பான காத்திருப்பு நேரம். பவர்டாப்புக்குப் பதிலா டிஎல்பிங்கிற பேட்டரி சேமிப்புக் கருவி போட்டிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது, அது மவுஸ் கீபோர்டைத் தானாவே விலக்கிடும்.

அலைவரிசை:
ரெண்டு பேரும் கேள்வியில பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. காப்பி ஓடும்போது துள்ளுறது ஆட்டோசஸ்பெண்ட் இல்ல, ரேடியோ இரைச்சல். யூஎஸ்பி 3 வழியா 5 கிகாபிட் வேகத்துல தரவு போகும்போது கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012லயே இதை அளந்து வெள்ளை அறிக்கை போட்டிருக்கு. இரைச்சல் மட்டம் 20 டெசிபெல் அளவுக்கு ஏறுது. டிஸ்க் போர்ட்டுக்குப் பக்கத்துலயே ரிசீவர் குத்தியிருந்தா மவுஸோட சின்ன சிக்னல் அதுல மூழ்கிடும். -1 போட்டாலும் இது மாறாது.

முனையத்தான்:
ரெண்டையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றீங்க? லாக்ல ரெண்டுக்கும் ஒரு வரிகூட வராது.

அலைவரிசை:
லாக் மௌனமா இருக்கிறதே ஒரு தடயம்தான். லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல் கட்டளையில கெர்னல் செய்திகளை ஓட விட்டு வையுங்க. 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்'னோ 'எர்ரர் -71'னோ வந்தா போர்ட், கேபிள், மின்சாரம் பக்கம் பாருங்க. ஒண்ணும் வரலைன்னா, மவுஸ் உறைஞ்சிருக்கும்போதே கீபோர்டுல, /sys/bus/usb/devices கீழே இருக்கிற அந்த ரிசீவரோட பவர் அடைவுக்குப் போய் ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பைப் படிங்க. 'சஸ்பெண்டட்'னா தூக்கம். 'ஆக்டிவ்'னு காட்டிட்டே கர்சர் துள்ளினா இரைச்சல்.

மின்கலம்:
இன்னொரு சோதனையும் இருக்கு. ரிசீவரைப் பிடுங்கி மாட்டுங்க. அடுத்த ரீபூட் வரைக்கும் உறையலைன்னா பவர்டாப்தான். புதுசா மாட்டின சாதனத்துக்கு கெர்னல் மறுபடி 'ஆன்' கொடுக்கும். பவர்டாப் பூட்ல ஒரு முறைதான் ஓடுது. இதைப் பார்த்துட்டு போர்ட் லூஸ்னு நினைச்சு லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கிறாங்க, அதுதான் வருத்தம்.

அதே பவர் அடைவுல இருக்கிற கன்ட்ரோல் கோப்புல 'ஆன்'னா ஆட்டோசஸ்பெண்ட் ஆன் இல்ல, சாதனம் எப்பவும் விழிச்சிருக்கும்னு அர்த்தம். தூங்க அனுமதி கொடுக்கிறது 'ஆட்டோ'. இங்கதான் பலரும் தலைகீழா எழுதுறாங்க. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில ரிசீவரோட வெண்டர், ப்ராடக்ட் எண்ணை எடுத்து, அது சேரும்போது கன்ட்ரோல் 'ஆன்' ஆகுற மாதிரி யூடெவ் விதி ஒண்ணு எழுதினா போதும்.

முனையத்தான்:
போதாது. யூடெவ் விதி சாதனம் சேரும்போது ஓடும். அதுக்கப்புறம் பவர்டாப் சர்வீஸ் வந்து அதையே 'ஆட்டோ'வா மாத்திடும். காலையில பார்த்தா மவுஸ் பழையபடி உறையும். -1 போட்டா பவர்டாப் 'ஆட்டோ' எழுதினாலும் காத்திருப்பு நேரம் எதிர்மறை எண்ணா இருக்கிறதால சாதனம் தூங்காது. இன்னொண்ணு, ரிசீவர் விழிச்சிருந்தாலே அது மாட்டின கன்ட்ரோலரும் விழிச்சிருக்கும். உங்க மிச்சம் எங்க?

மின்கலம்:
கன்ட்ரோலர் பத்திச் சொன்னது சரி, ரிசீவர் மாட்டியிருக்கிற வரைக்கும். ரயில்ல டச்பேடோட வேலை செய்யும்போது ரிசீவர் பையில இருக்கும். அப்போ என் வழியில எல்லாம் தூங்கும், உங்க வழியில தூங்காது. பேட்டரி முக்கியமாகுற நேரமே அதுதான்.

வரிசைச் சிக்கலும் உண்மை, விட்டுட்டேன். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலமா பவர்டாப் சர்வீஸைத் திறந்து, எக்ஸெக்ஸ்டார்ட்போஸ்ட் வரியில (சர்வீஸ் தொடங்கினதுக்கு அப்புறம் ஓடுறது), யூடெவ் விதியை மறுபடி ஓட வைக்கிற யூடெவ்அட்மின் ட்ரிக்கர் சேர்க்கணும். ஆக்‌ஷன் 'ஆட்'னு கட்டாயம் கொடுங்க; கொடுக்கலைன்னா அது 'சேஞ்ச்'னு போகும், 'ஆட்'டுக்கு எழுதின விதி ஓடாது. சாதனத்தோட பாதைல 1-2ன்னு போர்ட் எண்ணை நேரா எழுதாதீங்க, போர்ட் மாத்தினா எண்ணும் மாறும்.

முனையத்தான்:
ட்ரிக்கர் வரியோட சேர்ந்தா ஏத்துக்கிறேன். சார்ஜரை விட்டு நகராத லேப்டாப்புக்கு -1 போதும்ங்கிறதை மாத்திக்க மாட்டேன். ஆனா க்ளிக் பண்ணினா மட்டும் ஏன் எழுந்திருக்குது? பிழை ரிசீவர்லதான?

மின்கலம்:
ஆமா. ரிமோட் வேக்கப் (தூங்கும்போதும் தானே எழுப்புற திறன்) உண்டுன்னு ரிசீவர் அறிவிச்சாத்தான் பயன்பாட்டுல இருக்கிற மவுஸைக் கெர்னல் தூங்க விடும். அறிவிச்சிட்டு, நகர்வுக்கு எழுப்பாம பட்டனுக்கு மட்டும் எழுப்புற ரிசீவர்கள் நிறைய.

அலைவரிசை:
துள்ளலுக்கு அரை மீட்டரோ ஒரு மீட்டரோ யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி ரிசீவரை மவுஸ் பேட் பக்கம் கொண்டுவாங்க. ரிசீவருக்கு 12 மெகாபிட் வேகமே போதும், யூஎஸ்பி 3 கேபிள் வேண்டாம். கேபிள் வர்ற வரைக்கும் டிஸ்க்கை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாத்துங்க.

புதுமுகம்:
உறையும்போது பார்த்தேன், 'சஸ்பெண்டட்'. காப்பி ஓடும்போது 'ஆக்டிவ்', ஆனாலும் துள்ளுது. யூடெவ் விதியும் ட்ரிக்கரும் போட்டாச்சு. ரீபூட்டுக்கு அப்புறமும் கன்ட்ரோல்ல 'ஆன்' இருக்கு. டிஸ்க்கை இடப்பக்கம் மாத்தினதுல துள்ளல் பாதி குறைஞ்சிருக்கு, மிச்சத்துக்குக் கேபிள் வாங்கணும்.