புதுப்பிப்பு: 27-இல் நின்ற முள், பம்பின் மேல் குற்றமில்லை

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பெங்களூரு அல்சூரில் ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு வேக்குவம் போடும்போது (கேஸ் விடுவதற்கு முன் குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது) கேஜ் முள் 27 அங்குலத்திலேயே (பாதரச அளவு) நின்றுவிட்டது, சென்னையில் 30 வரை போகுமே, பம்பு பழுதா என்று. பதில் சொன்ன அண்ணன்களுக்கு நன்றி. பம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம் ஊர். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய 27 அங்குலம்தான். அதற்கு மேல் முள் எங்கே போகும்?

அப்புறம் எஸ்.பி. ரோட்டில் மைக்ரான் கேஜ் வாங்கிவிட்டேன்; குழாயில் இன்னும் மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கருவி, எண் குறையக் குறைய நல்லது. இதற்கு ஊர் உயரம் ஒரு பொருட்டே இல்லை. முள் கேஜில் ஒரு அங்குலம் என்பது 25,400 மைக்ரான்; நமக்கு வேண்டியதோ 500-க்குக் கீழே. வெறும் முள்ளை நம்பி எத்தனை வேலையை முடித்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

நேற்று அதே வீட்டின் இரண்டாவது ஏசி. 1,400-க்குக் கீழே இறங்கவே இல்லை. பார்த்தால் பம்பின் கண்ணாடியில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தது, ஈரம். எண்ணெயை மாற்றி ஓட்டியதும் 420. வால்வை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தேன், 460-இல் நின்றது. கசிவு இருந்தால் நிற்காமல் ஏறிக்கொண்டே போயிருக்கும். பிறகுதான் கேஸைத் திறந்தேன்.