மெத்தையை மட்டும் யாரும் வாங்கவில்லை

வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமானை என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். என் பங்குக்குக் கொச்சி அனுபவம். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை. மகன் கலூரில் வாடகை ஃபிளாட்டில் இருந்தான். அவனுக்கு வேலை பெங்களூருக்கு மாறியதும் வீட்டை ஒழிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊரில் என்றால் பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக்குக்கூட வாசலில் ஆள் வந்து குரல் கொடுப்பார். நகரத்து ஃபிளாட்டில் வாட்ச்மேனைத் தாண்டி யாரும் வர முடியாது. நாம்தான் ஆள் தேட வேண்டும்.

முதலில் கிடைத்தவர் ஆக்ரிக்காரர், அதாவது பழைய இரும்பு, பாத்திரம் வாங்குகிறவர். தென்காசிப் பக்கத்துக்காரர் என்பதால் பேச்சு தமிழிலேயே ஓடியது. குக்கரையும் அலுமினியச் சட்டிகளையும் மறுபேச்சில்லாமல் தராசில் வைத்தார். பெட்டி டிவியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "உள்ள இருக்கிற செம்புக் காயிலுக்குத்தான் காசு அக்கா. மிச்சத்த உடைச்சு எங்கயாவது போடணும்." அந்தப் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. காசே வேண்டாம் என்று டிவியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஹரித கர்ம சேனா பெண்களுக்குக் காத்திருந்தேன்.

கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்கள் இவர்கள். கதவில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மட்காத குப்பையை எடுத்துப் போவார்கள். எங்கள் பஞ்சாயத்தில் 50 ரூபாய். பிளாஸ்டிக் மாதாமாதம், செருப்பு, கண்ணாடி, மின்சாதனம் போன்றவற்றுக்குத் தனித்தனி மாதம் உண்டு. கலூருக்கு வந்தவர் நான் கட்டி வைத்த பையை அவிழ்த்து, ஒவ்வொரு பால் கவரையும் விரலால் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் பிசுபிசுப்பு. அதை மட்டும் என் கையில் திருப்பித் தந்து குழாயைக் காட்டினார்! 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்து ஊரே புகையில் திணறிய பிறகு இந்தக் கெடுபிடி கூடிவிட்டது என்றார் பக்கத்து வீட்டம்மா. மின்சாதன மாதம் வரும்வரை டிவிக்கு அவர் பால்கனியில்தான் இடம் கிடைத்தது.

கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு என்று முடிவு செய்தோம். போனில் கேட்டபோது அங்கிருந்த அம்மா பட்டென்று சொன்னார்: "ஃபிரிட்ஜ் ஓடுதுன்னா அனுப்புங்க. துணி மட்டும் வேண்டாமுங்க. கிழிஞ்சது, பட்டன் போனதுன்னு மூட்டை மூட்டையா வருது. அதத் தள்ளறதுக்கு நாங்க வண்டி பிடிக்க வேண்டியிருக்கு." எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. நம் வீட்டுக் குப்பையை அவர்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டுத் தானம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

குட்டியானை வண்டியில் ஏற்றி வாளையார் எல்லையைத் தாண்டினால், தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸார் நிறுத்திவிட்டார்கள். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிவிட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு திரும்ப அள்ளிப் போனார்களே, நினைவிருக்கும். தார்ப்பாய் மூடிய கேரள வண்டி என்றால் சந்தேகம் வராமல் இருக்குமா?

"என்னங்க லோடு?"

"பழைய சாமானுங்க."

உடனே போலீஸ்காரர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், மெத்தையை லத்தியால் குத்திப் பார்த்தார். இல்லத்து அம்மாவிடம் போனில் பேசிய பிறகுதான் வழிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இல்லத்தில் மெத்தையை மட்டும் இறக்க விடவில்லை. இலவம்பஞ்சு என்றால் பிரித்து அடித்துப் புது உறை போட்டுக்கொள்ளலாம், இது ஃபோம். வேலந்தாவளம் எல்லை வழியாக மெத்தை எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

தத்தமங்கலத்திலிருந்து ஒரு பதில்:

அக்கா, ஆட்டோ சீட் தைக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பழைய சோபா ஃபோமை அவர்தான் வெட்டிக் குஷனுக்கு எடுத்துக்கொண்டார். கையால் அழுத்திப் பார்ப்பார். எழும்பி வந்தால் வாங்கிக்கொள்வார். அமுங்கியே கிடந்தால் அவரும் தொடமாட்டார்.