நூல் தலைப்புக்கு ‘சைட்’ டேக்கா, வெறும் மேற்கோள்குறியா?

ஏடுதிருப்பி:
சிற்றிதழ் ஒன்றில் பல ஆண்டுகளாக வெளிவந்த நூல் மதிப்புரைகளை வலையேற்றும் வேலையை எடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்தவர்கள் நூல் தலைப்புகளை ஓரிடத்தில் சாய்வெழுத்துக்கான ‘ஐ’ டேக்கிலும் (டேக் என்பது வலைப்பக்க உரையின் ஒரு பகுதி இன்னதென்று காட்டும் குறியீடு), இன்னோரிடத்தில் தடித்த எழுத்துக்கான ‘பி’ டேக்கிலும், பல இடங்களில் வெறும் ஒற்றை மேற்கோள்குறிக்குள்ளும் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும், நூல் தலைப்பைக் குறிக்கப் பயன்படும் ‘சைட்’ (cite) டேக்குக்கு மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொன்னால், தொடங்குமுன் திருத்திக்கொள்வேன்.

பழைய உலாவி:
மறுக்கிறேன். அந்த டேக்குக்கு நிலையான பொருளே இருந்ததில்லை. வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.லின் 1995இல் வந்த 2.0 பதிப்பு, நூலின் தலைப்பு அல்லது பிற சான்றுக் குறிப்பு என்றது. 1999இல் வந்த 4.01, சான்று மூலம் எதுவானாலும் சரி என்று விரித்ததோடு, ட்ரூமன் என்ற மனிதரின் பெயரையே அதற்குள் வைத்து எடுத்துக்காட்டும் தந்தது. 2014இல் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எச்.டி.எம்.எல். 5 ஆசிரியர் பெயரையும் ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் உலாவி நிறுவனங்களின் வாட்விஜி அமைப்போ படைப்பின் தலைப்பு மட்டுமே என்று நின்றது. வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் பழைய வார்ப்புருக்கள் கருத்திடுபவரின் பெயரை அதில் இடுகின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவின் மேற்கோள் வார்ப்புருக்கள் சான்றுக் குறிப்பு முழுவதையுமே அதில் பொதிகின்றன. இத்தனை கலப்படத்துக்குப் பிறகு எந்தத் தேடுபொறி அதை நம்பும்?

வரிவடிவன்:
நீங்கள் சொன்ன வரலாறு சரிதான், ஆனால் அது 2014உடன் முடிந்துவிடவில்லை. 2019இல் இரு அமைப்புகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாட்விஜியின் வரையறையே ஒரே எச்.டி.எம்.எல். என்றாயிற்று. அதன்படி நூல், கவிதை, திரைப்படம், ஓவியம் என எந்தப் படைப்பின் தலைப்பும், போகிற போக்கில் குறிப்பிட்டாலும்கூட, ‘சைட்’டுக்குள் வரலாம், மனிதரின் பெயர் வரக்கூடாது.

தமிழுக்கு இது கூடுதலாகவே தேவை என்பேன். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஒரே கட்டுரையில் மணிமேகலை மணிபல்லவத்தை அடைகிறாள், அடுத்த வரியில் மணிமேகலை முப்பது காதைகளைக் கொண்டிருக்கிறது. எது பெண், எது காப்பியம் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வார்; இயந்திரத்துக்கு யார் சொல்வது?

பழைய உலாவி:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் காப்பியத்தை ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைக்கும் அச்சு வழக்கமே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே! பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களில் பெரும்பாலானவை ‘சைட்’டைத் தனியாக அறிவிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதோ சாய்வெழுத்து மட்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்ந்த வடிவம் கிடையாது என்பதால், உலாவி நேரெழுத்தையே பிடித்து ஒருபக்கம் தள்ளுகிறது. ழகரமும் ஞகரமும் அப்படிச் சரிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் மீண்டும் அதைக் கேட்கமாட்டார்கள்.

வரிவடிவன்:
சாய்வு உலாவியின் இயல்பான தோற்றமே தவிர டேக்கின் பொருள் அல்ல. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி எழுதினால் நிமிர்ந்துவிடும்; இன்னும் இரண்டு வரிகளில் முன்னும் பின்னும் மேற்கோள்குறி தானாகவே தோன்றும்.

பழைய உலாவி:
தானாகத் தோன்றும் குறிதான் ஆபத்து. அது உரையில் இல்லாததால், வாசகர் ஒரு பத்தியை நகலெடுத்தால் குறி உடன்வராது. பல தளங்களின் பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் ஓடைத் திரட்டியில் படிப்பவருக்கு உங்கள் சி.எஸ்.எஸ். போய்ச் சேருவதில்லை; ஆக, குறி மறைந்து சாய்வு திரும்பிவிடும்.

மெய்ப்புக்காரர்:
இருவரும் வேற்றுமை உருபை மறந்துவிட்டு வாதிடுகிறீர்கள். ஆங்கிலத்தில் தலைப்பு அசையாமல் நிற்கும். முன்னிடைச்சொல் வெளியே இருக்கும். தமிழில் அப்படியில்லை. ‘மணிமேகலை’யை என்று எழுதும்போது உடம்படுமெய் இடையில் வருவதால் டேக்கை மூட இடம் கிடைக்கிறது. ‘திருக்குறள்’ இரண்டாம் வேற்றுமை ஏற்றால் திருக்குறளை ஆகிறது. ஐகாரக் குறி ளகரத்துக்கு இடப்பக்கம் போய் நிற்கிறது. எழுத்தையும் அதன் குறியையும் பிரித்து நடுவில் டேக்கை மூடினால், சில இடங்களில் அந்தக் குறி புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். சிலப்பதிகாரத்தில் என்ற சொல்லிலோ மகரம் கெட்டு, அத்துச் சாரியை புகுந்து, தலைப்பின் கடைசி எழுத்தே காணாமல் போகிறது. அச்சில் ‘சிலப்பதிகார’த்தில் என்று போடுகிறோம், கண் அதை மன்னிக்கிறது. டேக்குக்குள் ‘சிலப்பதிகார’ என்று மட்டும் இருந்தால், அப்படியொரு நூல் இல்லையே.

வரிவடிவன்:
இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஐயா. ‘சிலப்பதிகாரம்’ என்ற நூலில் என்று மாற்றி எழுதினால் என்ன?

மெய்ப்புக்காரர்:
கூடாது. மதிப்புரையாளர் எழுதிய வாக்கியத்தை டேக்கின் வசதிக்காக வளைக்க நமக்கு உரிமையில்லை. உருபேற்ற சொல் முழுவதையும் உள்ளே வைப்பதே குறைந்த தீங்கு.

வரிவடிவன்:
அப்படியானால் உள்ளே ஓர் இணைப்பு கொடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் வைக்கலாம். சொல் எப்படித் திரிந்தாலும் இணைப்பு சரியான நூலுக்கே செல்லும். அந்தப் பக்கத்தில், தேடுபொறிகள் புரிந்துகொள்ளும் ஸ்கீமா.ஆர்க் வகைப்படி திரியாத பெயரைப் பதிந்துவிடலாம்.

பழைய உலாவி:
இணைப்பே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்றால் ‘சைட்’ எதற்கு என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

வரிவடிவன்:
இணைப்பு எங்கே போகிறது என்பதைச் சொல்லும். அந்தச் சொல் ஒரு படைப்பின் பெயர் என்பதைச் சொல்லாது. நிமிர்த்த வேண்டிய சொற்களை சி.எஸ்.எஸ். எப்படித் தேர்ந்தெடுக்கும்?

ஏடுதிருப்பி:
முடிவு செய்துவிட்டேன். மேற்கோள்குறி மூலப்படி எங்கே உள்ளதோ அங்கேயே உரையில் நிற்கும். உருபேற்ற சொல் முழுவதும், குறிகளோடு சேர்த்து, ‘சைட்’டுக்குள் இருக்கும், சாய்வு நீக்கப்படும். ஆசிரியர் பெயர் வெளியே வரும். நீண்ட மேற்கோள்களின் கீழே இருக்கும் ‘இன்னார், இன்ன நூல்’ என்ற வரியையும் அவற்றைப் பொதியும் ‘பிளாக்கோட்’ டேக்குக்கு வெளியே எடுக்கிறேன், ஏனென்றால் அது மேற்கோளின் பகுதி அல்ல. நூல்வாரியான பக்கங்கள் இப்போதைக்கு இல்லை, தட்டச்சு முடியட்டும். பழைய உலாவி ஐயாவின் ஐயம் தீராதது தெரிகிறது. முதல் இதழை ஏற்றியதும் ஓடைத் திரட்டியில் எப்படித் தெரிகிறது என்று அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.